99 சதவீதத்தில் நிற்கும் டவுன்லோட்: எங்கே அறுந்தது, யாரிடம் சொல்வது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஆரியா2 என்ற, கட்டளை தட்டி ஓட்டும் டவுன்லோட் மென்பொருள் வழியாக 4 ஜிபி அளவுள்ள ஓர் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகல்) 16 கனெக்‌ஷன் போட்டு இறக்குகிறீர்கள். 99 சதவீதம் வரை மளமளவென்று வந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பக்கத்தில் பெயரின் நடுவே ‘.1’ சேர்ந்த இன்னொரு கோப்பும் முளைக்கிறது. இடையிடையே 403 என்று ஒரு பிழை வருகிறது. இது மென்பொருளின் குறைதானா, எழுதியவர்களிடம் புகார் சொல்லலாமா, சொன்னால் எப்படிச் சொல்வது என்பது உங்கள் கேள்வி.

புகார் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஒரே சிக்கல் அல்ல, மூன்று சிக்கல்கள். மூன்றும் ஒரே நாளில் ஒரே கோப்பில் வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது. ஒரு டவுன்லோடில் நாலு பேருக்குக் கை இருக்கிறது: அனுப்பும் சர்வர், நடுவில் உள்ள நெட்வொர்க், வாங்கி எழுதும் டிஸ்க், இந்த மூன்றையும் கட்டி மேய்க்கும் மென்பொருள். திரையில் பெயர் தெரிவது கடைசி ஆளுக்கு மட்டும்தான் என்பதால் பழி முழுக்க அவர் தலையில் விழுகிறது. நான் சில ஆண்டுகளாக ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் டவுன்லோட் மென்பொருளுக்கு வரும் புகார்களைத் தன்னார்வமாகப் படித்துப் பிரித்துக் கொடுக்கிறேன். ‘பாதியில் நிற்கிறது’ என்ற புகார் வந்தால் நான் முதலில் தேடுவது, இந்த நாலு பேரில் யார் கையை விட்டார் என்பதற்கான தடயத்தைத்தான்.

99 சதவீத விஷயத்துக்கு வருகிறேன். ஆரியா2 ஓடும்போது திரையின் அடியில் ஒரு வரி நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் அதில் சதவீதத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு அடுத்து ‘சிஎன்’ என்ற இரண்டெழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். இந்த நொடியில் எத்தனை கனெக்‌ஷன் உயிரோடு இருக்கிறது என்பது அது. அதற்கும் அடுத்து ‘டிஎல்’ என்பது இப்போதைய வேகம். உங்கள் கோப்பு 50 சதவீதத்தில் இருக்கும்போது அந்த வரியைப் பாருங்கள், சிஎன் 16 என்று இருக்கும். 99-ஐத் தொட்டதும் பாருங்கள், பெரும்பாலும் சிஎன் 1 என்று இறங்கியிருக்கும், டிஎல் சில பத்து கேபிக்குச் சரிந்திருக்கும். நின்றுபோகவில்லை, ஒற்றை ஆள் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் ஒற்றை ஆள்? கோப்பைத் துண்டு போட்டு இறக்கும்போது, ஒரு துண்டை முடித்த கனெக்‌ஷன் சும்மா இருக்காது. இன்னொருவர் கையில் உள்ள பெரிய துண்டில் பாதியைப் பிரித்து வாங்கிக்கொள்ளும். ஆனால் இப்படிப் பிரிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஆரியா2-வில் ‘மின் ஸ்ப்ளிட் சைஸ்’ (குறைந்தபட்சத் துண்டு அளவு) என்ற அமைப்பு நாம் எதுவும் சொல்லாவிட்டால் 20 எம்பி. அதன் இரு மடங்கைவிடச் சிறிய பகுதியை அது மேற்கொண்டு வெட்டாது. அதாவது 40 எம்பிக்குக் குறைவாக மிச்சமிருக்கும் துண்டை, அதை வைத்திருக்கும் கனெக்‌ஷன் தனியாகத்தான் முடிக்க வேண்டும். 4 ஜிபியில் 1 சதவீதம் எவ்வளவு? ஏறக்குறைய 40 எம்பி. உங்கள் 99 எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? அந்தக் கடைசி கனெக்‌ஷன் மட்டும் மந்தமான பாதையில் மாட்டிக்கொண்டு நொடிக்கு 40 கேபி கொடுத்தால், மிச்சமுள்ள 30 எம்பிக்கு ஏறக்குறைய 13 நிமிடம் ஆகும். முந்தைய 99 சதவீதம் எட்டு நிமிடத்தில் வந்திருந்தால், இந்த 13 நிமிடம் செத்துப்போனது போலத்தான் தோன்றும்.

‘மின் ஸ்ப்ளிட் சைஸ்’ அளவை 1 எம்பிக்கு இறக்குங்கள். கட்டளையோடு சேர்த்துத் தட்டும் சிறிய கே (-k) என்ற சுவிட்ச்தான் அது, 1 எம்பிக்குக் கீழே போகாது. இதனால் கடைசித் துண்டையும் மற்ற கனெக்‌ஷன்கள் பங்குபோட்டுக்கொள்ளும். எனக்குத் தெரிந்து ‘99-இல் நிற்கிறது’ என்று வருபவர்களில் பலருக்கு இதோடு தீர்ந்துவிடும்.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஒரு சுவிட்ச், ஒரு சர்வருக்கு எத்தனை கனெக்‌ஷன் என்பதற்கு வேறொரு சுவிட்ச். முதலாவது எஸ், அது இயல்பாக 5. இரண்டாவது எக்ஸ், அது இயல்பாக 1, கூடினால் 16. எஸ்ஸை மட்டும் 16 ஆக்கிவிட்டு ‘வேகமே கூடவில்லை’ என்று சொல்பவர்கள் ஏராளம். எக்ஸ் 1-ஆகவே இருக்கும்வரை ஒரே சர்வரிலிருந்து ஒரே கனெக்‌ஷன்தான். நீங்கள் இரண்டையும் 16 ஆக்கியிருக்கிறீர்கள், அது சரி. ஆனாலும் 16 தேவையா என்று நான் கேட்பேன். அந்த சர்வரை யாரோ தன் செலவில் நடத்துகிறார். 4 போட்டாலே பெரும்பாலும் உங்கள் இணைப்பு நிரம்பிவிடும். 100 மெகாபிட் இணைப்பு என்றால் உச்சமே நொடிக்கு 12.5 மெகாபைட்தான். மெகாபிட்டையும் மெகாபைட்டையும் ஒன்றென்று எண்ணி ‘எட்டில் ஒரு பங்குதான் வருகிறது’ என்று சொல்லும் புகார் இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை.

சிஎன் 1 என்றும் டிஎல் சுத்தமாக 0 என்றும் இருந்தால் கதை வேறு. அந்த கனெக்‌ஷன் நடுவழியில் சத்தமில்லாமல் அறுந்துவிட்டது, இரண்டு முனைக்கும் அது தெரியவில்லை. ஆரியா2 இயல்பாக 60 நொடி காத்திருந்துவிட்டு மறுபடி முயலும். நீங்கள் 50-ஆவது நொடியில் கோபப்பட்டு நிறுத்தியிருக்கலாம். வெகெட் என்ற பழைய டவுன்லோட் மென்பொருளில் இதே காத்திருப்பு இயல்பாக 900 நொடி, அதாவது கால் மணி நேரம். இந்தக் காத்திருப்பு நேரத்தை, அதாவது டைம்அவுட்டை, 20, 30 நொடிக்குக் குறைத்து வையுங்கள்.

இன்னொரு சாத்தியம் டிஸ்க். அந்த வரியில் சிஎன், டிஎல் எதுவும் இல்லாமல் ‘ஃபைல்அலாக்’ என்றோ ‘செக்சம்’ என்றோ சொல் நின்றால், நெட்வொர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதலாவது, கோப்புக்கு வேண்டிய இடத்தை டிஸ்கில் முன்கூட்டியே பிடித்துவைக்கும் வேலை. ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பு போட்ட பென் டிரைவில் இது யுகமாக இழுக்கும். இரண்டாவது, வந்து சேர்ந்த கோப்பைச் சரிபார்க்கும் வேலை. ஃபேட்32 என்றதும் சொல்லவேண்டிய இன்னொன்று: அதில் ஒரு தனிக் கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்ட முடியாது. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. உங்கள் கோப்பும் அந்த எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது. எந்த டிரைவில் இறக்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, அந்த ‘.1’ கோப்பு. இதற்குக் காரணம் சாதாரணமானது, ஆனால் விளைவு மோசம். ஆரியா2 இறக்கிக்கொண்டிருக்கும்போது, கோப்பின் பெயரோடு ‘.ஆரியா2’ என்ற வால் ஒட்டிய ஒரு சின்னக் கோப்பும் பக்கத்திலேயே இருக்கும். எந்தெந்தத் துண்டு வந்துவிட்டது, எது பாக்கி என்ற கணக்கு முழுக்க அதில்தான். 60 நொடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து எழுதும். டவுன்லோட் முடிந்ததும் தானே அழித்துவிடும். பாதியில் நிறுத்திவிட்டு, ‘இது என்ன குப்பை’ என்று அதை நீங்கள் அழித்திருப்பீர்கள், அல்லது டிஸ்கைச் சுத்தம் செய்யும் ஏதாவது செயலி அழித்திருக்கும். கணக்கு நோட்டு போய்விட்டதால், ஏற்கெனவே உள்ள கோப்பு யாருடையது, எவ்வளவு சரி என்று ஆரியா2-வுக்குத் தெரியாது. தெரியாத கோப்பின் மேல் எழுதக்கூடாது என்பது அதன் இயல்பான நடத்தை. அதனால்தான் பெயரில் எண் சேர்த்துப் புதிதாகத் தொடங்குகிறது. உங்கள் கோப்பைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது.

இந்த இடத்தில் பலர் செய்யும் ஒரு தவறு இருக்கிறது, அதை நீங்கள் செய்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். ‘தொடர்வதற்கு சி சுவிட்ச் போடு’ என்று யாராவது சொல்வார்கள். அந்த சுவிட்ச், பிரவுசரோ வெகெட்டோ தொடக்கத்திலிருந்து வரிசையாக இறக்கிப் பாதியில் விட்ட கோப்புக்கானது. அங்கே கோப்பின் அளவே கணக்கு: 700 எம்பி இருக்கிறதென்றால் முதல் 700 எம்பி வந்துவிட்டது என்று பொருள். துண்டு போட்டு இறக்கிய கோப்பு அப்படி அல்ல. கடைசித் துண்டும் தொடக்கத்திலேயே எழுதப்படுவதாலும், இடம் முன்கூட்டியே பிடிக்கப்படுவதாலும், உள்ளே பாதி வெறுமையாக இருக்கும்போதே அளவு முழுதாக 4 ஜிபி என்று காட்டும். கணக்குக் கோப்பு இல்லாமல் சி போட்டால், ‘அளவு சரியாக இருக்கிறது, முடிந்துவிட்டது’ என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பிழை எதுவும் வராது. கோப்பு மட்டும் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த ஐஎஸ்ஓவை வைத்து நிறுவல் தொடங்கிப் பாதியில் கவிழ்ந்தபின், ‘ஐஎஸ்ஓவிலேயே கோளாறு’ என்று வேறொரு திட்டத்துக்குப் புகார் போய்ச் சேரும். எதுவுமே தெரியாமல் இரண்டு குழுக்களின் நேரம் வீணாகும்.

ஆகவே கணக்குக் கோப்பு தொலைந்துவிட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள், வேறு குறுக்குவழி வேண்டாம். இறக்கி முடித்ததும் எஸ்எச்ஏ-256 கூட்டை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற வரியைச் சரிபாருங்கள். கோப்பை வெளியிட்டவர்கள் பெரும்பாலும் அந்த 64 எழுத்து வரியைப் பக்கத்திலேயே கொடுத்திருப்பார்கள். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்துவிட்டு விடாமல், முழுவதையும் ஒப்பிடுங்கள். ஆரியா2-விடமே அந்த வரியைக் கொடுத்தால் கடைசியில் தானே சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் 32 என்ற வெளியேற்றக் குறியீட்டோடு முடியும்.

மூன்றாவது, 403. இது சர்வர் சொல்லும் வார்த்தை: ‘நீ கேட்டது புரிந்தது, தர மாட்டேன்’. மென்பொருள் அதை அப்படியே உங்களிடம் சொல்கிறது, அவ்வளவுதான். ஏன் மறுக்கிறது? இன்றைக்குப் பல சேமிப்புத் தளங்கள் தரும் லிங்க்குக்கு ஆயுள் உண்டு. லிங்க்கின் வாலிலேயே காலாவதி நேரமும் கையொப்பமும் இருக்கும். நேரம் தாண்டிவிட்டால் புதிய வேண்டுகோள் எதையும் ஏற்காது, ஆனால் ஏற்கெனவே திறந்த கனெக்‌ஷன் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பிரவுசர் ஒரே கனெக்‌ஷனில் இழுப்பதால் அதில் ‘நன்றாக வருகிறது’. துண்டு போடும் மென்பொருள் நடுவில் புதுப் புது கனெக்‌ஷன் திறப்பதால் அதில் 403 விழுகிறது. ‘பிரவுசரில் வருகிறது, இதில் வரவில்லை, ஆகவே இதுதான் குறை’ என்ற முடிவு இங்கேதான் தவறுகிறது.

லிங்க்கைத் தந்த பக்கத்துக்கே மறுபடி போய்ப் புதிய லிங்க் எடுங்கள். ஓ சுவிட்ச் போட்டுப் பழைய கோப்பின் பெயரையே வெளியீட்டுப் பெயராகக் கொடுங்கள். கணக்குக் கோப்பு பக்கத்தில் பத்திரமாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பெயர் கொடுக்க மறந்தால் புதிய லிங்க்கிலிருந்து வேறு பெயர் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கிவிடும். 429 அல்லது 503 வந்தால் அது வேறு: நீங்கள் அளவுக்கு மீறிக் கதவைத் தட்டுகிறீர்கள், அல்லது சர்வர் திணறுகிறது. கனெக்‌ஷனைக் குறைத்துவிட்டுக் காத்திருங்கள்.

சர்வருக்குத் தொடர்ந்து அனுப்பும் திறன் இருக்கிறதா என்பதையும் ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். கர்ல் என்ற கட்டளைக் கருவியில் சிறிய ஆர் சுவிட்ச் போட்டு 0-99 என்று முதல் 100 பைட்டை மட்டும் கேளுங்கள், பதிலின் முன்னால் வரும் தகவல் வரிகளான ஹெட்டரையும் காட்டச் சொல்லுங்கள். 206 என்ற பதிலும், ‘கன்டென்ட்-ரேஞ்ச்: பைட்ஸ் 0-99/’ என்பதற்குப் பின்னால் முழு அளவும் வந்தால், சர்வர் துண்டு துண்டாகத் தரும், விட்ட இடத்திலிருந்தும் தரும். 200 என்று வந்து முழுக் கோப்பையும் கொட்ட ஆரம்பித்தால், அது ரேஞ்ச் வேண்டுகோளைக் கண்டுகொள்ளவில்லை. அந்த சர்வரில் எந்த மென்பொருளாலும் பாதியிலிருந்து தொடர முடியாது. எத்தனை பதிப்பு மாற்றினாலும் பயனில்லை.

உங்களுக்கு வராத, ஆனால் அடிக்கடி வரும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லிங்க்கில் ‘&’ குறி இருந்து மேற்கோள் குறி போடாவிட்டால், கட்டளையைப் படித்து இயக்கும் ஷெல் அந்த இடத்திலேயே அதை வெட்டிவிடும். பாதி லிங்க்தான் மென்பொருளுக்குப் போகும். 4 ஜிபிக்குப் பதில் சில கேபி மட்டும் வந்தால், அதை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள், எச்டிஎம்எல் பக்கமாக இருக்கும், ‘லாகின் செய்யவும்’ என்று எழுதியிருக்கும். விண்டோஸின் பவர்ஷெல் 5.1-இல் கர்ல், வெகெட் என்று தட்டினால் உண்மையான கர்லோ வெகெட்டோ வராது. அந்தப் பெயர்கள் பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளை ஒன்றுக்கு மாற்றுப்பெயராக வைக்கப்பட்டிருக்கின்றன. ‘.இஎக்ஸ்இ’ சேர்த்துத் தட்டினால் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து கூடவே வரும் அசல் கர்ல் ஓடும். இந்த ஒரே காரணத்தால், கர்லில் இல்லாத குறைக்குக் கர்ல் மேல் புகார் எழுதியவர்கள் உண்டு.

தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழில் வரும் பிழைக்கு மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. பாதுகாப்பான இணைப்புக்குப் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 மென்பொருளை வைத்திருந்த கணினிகளில், அந்தச் சான்றிதழ்களைப் பயன்படுத்திய, நேற்றுவரை திறந்த பல தளங்கள் அன்றைக்குச் சான்றிதழ்ப் பிழை காட்டின. அப்போது ‘சரிபார்ப்பையே அணைத்துவிடு’ என்ற ஆலோசனை எங்கும் பரவியது. அதைக் கேட்காதீர்கள். சரிபார்ப்பை அணைத்தால் நடுவில் யார் வேண்டுமானாலும் உங்களுக்கு வேறொரு ஐஎஸ்ஓவைக் கொடுக்கலாம். கணினியின் நேரம் சரியா என்று பாருங்கள், சான்றிதழ்த் தொகுப்பையும் மென்பொருளையும் புதுப்பியுங்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் தீரவில்லை என்றால் தாராளமாகப் புகார் எழுதுங்கள். எழுதத் தயங்காதீர்கள் என்றே சொல்வேன். வெகெட் 1996-லிருந்தும் கர்ல் 1998-லிருந்தும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால், முகம் தெரியாத பயனர்கள் அனுப்பிய புகார்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. விதவிதமான சர்வர், இடையில் நின்று கடத்தும் ப்ராக்ஸி, டிஸ்க் எல்லாவற்றையும் எழுதியவர் தன் மேசையில் வைத்துச் சோதிக்க முடியாது. உங்கள் கணினியில் நடப்பது அவருக்குத் தெரிய உங்கள் வார்த்தைகளை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் எழுதுமுன் ஒரு சோதனை. ஆரியா2, வெகெட், கர்ல் மூன்றுமே ஹோம் ஃபோல்டரில் ஓர் அமைப்புக் கோப்பு இருந்தால் சொல்லாமலே அதைப் படித்துக்கொள்ளும். எப்போதோ எங்கிருந்தோ நகலெடுத்து வைத்த வரிகள் அதில் இருக்கும். நான் பிரித்துப் பார்த்த புகார் ஒன்றில், மூன்று நாள் மாறிமாறி எழுதியும் எங்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவர் முழு லாகை, அதாவது மென்பொருள் தான் செய்ததைப் பதிந்த குறிப்பை, அனுப்பினார். முதல் பத்து வரிக்குள் ஒரு ப்ராக்ஸி முகவரி நின்றது. அவர் முன்பு வேலை பார்த்த இடத்துக்காகப் போட்டது, மறந்தேபோய்விட்டது. அதனால் அமைப்புக் கோப்பைப் படிக்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆரியா2-வில் ‘நோ-கான்ஃப்’, வெகெட்டில் ‘நோ-கான்ஃபிக்’, கர்லில் எல்லாவற்றுக்கும் முதலாக க்யூ சுவிட்ச். ப்ராக்ஸிக்கான சூழல் மாறிகளும் (எல்லா மென்பொருளும் படிக்கும்படி கணினியில் வைத்த மதிப்புகள்) வெறுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி ஓட்டும்போது சிக்கல் மறைந்துவிட்டால் காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

புகாரில் என்ன இருக்க வேண்டும்? பதிப்பு எண்ணை நினைவிலிருந்து எழுதாமல், ‘வெர்ஷன்’ சுவிட்ச் போட்டு வருவதை அப்படியே ஒட்டுங்கள். லினக்ஸ் விநியோகங்கள் பழைய பதிப்பையே வைத்திருப்பது வழக்கம், 2023 நவம்பரில் வெளியான ஆரியா2 1.37.0-வில் சரியாகிவிட்ட ஒன்றை நீங்கள் அதற்கு முந்தையதில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிறகு இயங்குதளம், எந்த வகை டிரைவ், நீங்கள் தட்டிய கட்டளை ஓர் எழுத்தும் மாறாமல். அதற்குப் பின் லாக். எல் சுவிட்ச் கொடுத்தால் ஆரியா2 விவரமான லாகை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பாதீர்கள், அதில் தேடவும் முடியாது, மேலே உருண்டுபோன வரிகளும் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியார் யாரும் திறக்கக்கூடிய ஒரு லிங்க்கில் இதே சிக்கலை வரவழைக்க முடிகிறதா பாருங்கள். எழுதியவர் தன் கணினியில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தமாதிரி.

லாகை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படியுங்கள். குக்கி, ‘ஆத்தரைசேஷன்’ ஹெட்டர், கையொப்பமிட்ட லிங்க்கின் வால், ப்ராக்ஸியின் கடவுச்சொல் போன்றவை அதில் அப்படியே இருக்கலாம். பொது இடத்தில் ஒட்டினால் உங்கள் கணக்கின் சாவியை ஒட்டியதற்குச் சமம். அந்த இடங்களில் நட்சத்திரக் குறி போடுங்கள், வரியையே நீக்கிவிடாதீர்கள்.

காரணத்தை ஊகித்து எழுதுவதும் தவறல்ல, ஆனால் பார்த்ததைப் பார்த்ததாகவும் ஊகத்தை ஊகமாகவும் தனித்தனியாக எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய விளக்கத்தைத் தன் கண்டுபிடிப்பு போல அனுப்புவது இப்போது பெருகிவிட்டது. கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலேயே இந்த வகைப் பாதுகாப்புப் புகார்களால் தங்கள் நேரம் எப்படிக் கரைகிறது என்று வெளிப்படையாக எழுதினார். பார்க்க நேர்த்தியாக இருக்கும், நடக்காத ஒன்றைப் பற்றியதாக இருக்கும். உடைந்த மொழியில் நீங்களே எழுதும் நாலு வரி அதைவிட எவ்வளவோ மேல்.

இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். பழைய இரண்டு கோப்புகளையும் அழித்துவிட்டு, புதிய லிங்க் எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, எக்ஸ் 4, எஸ் 4, கே 1 எம்பி, டைம்அவுட் 30 நொடி என்று வைத்து, ஃபேட்32 அல்லாத, என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 கோப்பு அமைப்புள்ள டிரைவில் ஓட்டுங்கள், லாகையும் எழுதச் சொல்லுங்கள். மறுபடியும் 99-இல் நின்றால் உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் விட்டு, அந்த வரியில் சிஎன் எத்தனை, டிஎல் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணும் லாகின் கடைசி முப்பது வரியும் இருந்தால் மேற்கொண்டு பார்த்துவிடலாம்.